அருணகிரி வீட்டு சீலிங் ஸ்பீக்கர்

உலகத்தில் மரியாதைக்குரிய சத்தம் எல்லாம் மேலிருந்துதான் வந்திருக்கிறது. இடி மேலிருந்து வந்தது. அசரீரி மேலிருந்து வந்தது. கோபுரத்து மணி, மினாரின் பாங்கு, மாதா கோயில் மணி எல்லாமே மனிதன் தலையைத் தூக்கிக் கேட்டவை. கீழிருந்து வந்த சத்தத்துக்கு எந்தக் காலத்திலும் எவனும் கைகூப்பியதில்லை. ஒலியைப் பற்றிய இந்த மகத்தான உண்மை ஆம்பூர் அருணகிரிக்கு விளங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், போனில் ஒரு பொய் சொல்லி முடித்த கையோடு.

போனின் அந்தப் பக்கம் ராணிப்பேட்டை அம்பிகா அம்மாள். அவருடைய மகன் புகழேந்திக்குத்தான் அருணகிரி தன் மகள் நந்தினியைக் கொடுப்பதாகப் பேச்சு.

"எங்க வீட்டு ஹோம் தியேட்டர்ல ஸ்பீக்கர் எதுவும் கண்ணுக்கே தெரியாது, மிஸ்டர் அருணகிரி. எல்லாம் சீலிங்ல. தரையில பொட்டி பொட்டியா அடுக்கறது எல்லாம் இப்ப யாரும் செய்யறதில்லையே?"

"நம்ம வீட்லயும் சீலிங்தாங்க" என்றார் அருணகிரி.

அவர் வீட்டு சீலிங்கில் அப்போது இருந்தவை ஒரு ஃபேன், ஒரு ட்யூப்லைட், ஒரு பல்லி.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. அடுத்த மாசம் நிச்சயம் பேச வரும்போது உங்க தியேட்டர்ல ஒரு படம் பாத்துடுவோம்."

போனை வைத்ததும் அருணகிரி சீலிங்கைப் பார்த்தார். பல்லி அவரைப் பார்த்தது.

நந்தினியும் புகழேந்தியும் பெங்களூரில் ஒரே கம்பெனியில் வேலை. ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், ஜாதியும் பொருந்தி, ஜாதகமும் பொருந்திவிட்டது. இனிப் பொருந்த வேண்டியது பெரியவர்களின் கௌரவம் ஒன்றுதான். அது லேசில் பொருந்துகிற வஸ்து இல்லை.

அருணகிரியின் விசிட்டிங் கார்டில் 'மனிதவளம் மற்றும் பாதுகாப்பு ஆலோசகர்' என்று அச்சடித்திருந்தது. சுற்றுவட்டாரத்து ஷூ கம்பெனிகளுக்கு வாட்ச்மேன் பிடித்துக் கொடுப்பது என்று அதற்கு அர்த்தம். அதற்கு முன்னால் பல வருஷம் அவரே ஒரு ஷூ கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றவர். சாயந்திரம் கூரை ஸ்பீக்கரில் மணி அடித்ததும் பெண்கள் எழுந்து வரிசையில் வருவார்கள். உடம்பைத் தடவிப் பார்க்க லேடி செக்யூரிட்டி உண்டு. பைகளுக்கும் டிபன் பாக்ஸுக்கும் அருணகிரி. தோல் துண்டு, நூல்கண்டு, பக்கிள் எதுவும் வெளியே போய்விடாமல் கையை விட்டுத் துழாவுவார். அந்தக் கையைப் பற்றி அவருக்குப் பெருமை ஜாஸ்தி. பையை உள்ளங்கையில் ஒரு தூக்குத் தூக்கினால் போதும், உள்ளே இருப்பது மீந்துபோன தயிர்சாதமா, கம்பெனிச் சரக்கா என்று சொல்லிவிடும்.

ராணிப்பேட்டைக்காரர்களிடம் அவர் சொல்லியிருந்தது வேறு. "எக்ஸ்போர்ட் கம்பெனியில எச்.ஆர். ஹெட்டா இருந்தேங்க. போதும்னு வந்துட்டேன்." மனைவி சுந்தரி கல்யாணத்துக்கு முன்னால் அதே கம்பெனியில் நாலாவது லைனில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள். அவள் இப்போது பி.ஏ. முடித்த குடும்பத்தலைவி ஆகிவிட்டாள், அவளைக் கேட்காமலே.

அம்பிகா அம்மாளோ மாமனார் காலத்திலிருந்தே கெமிக்கல் தொழில் என்று சொல்லிக்கொள்கிறவர். "தோல் நாத்தமே எனக்கு ஆகாதுங்க. ஆம்பூரைத் தாண்டற வரைக்கும் கார் கண்ணாடியை இறக்க விடமாட்டேன்" என்று முதல் சந்திப்பிலேயே, ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு, சொன்னவர். கேட்டில் நின்று பை துழாவியவன் வீட்டுப் பெண் என்று ஒரு சொல் அந்த அம்மாள் காதில் விழுந்தால் இந்தச் சம்பந்தம் அத்தோடு காலி. அருணகிரிக்கு அது தெரியும். சுந்தரிக்கும் தெரியும்.

முதலில் வேலூரில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனார். டை கட்டிய பையன் ஓடிவந்தான்.

"ரூம் அளவு என்ன சார்?"

"பெரிய ரூம்."

"நீளம் அகலம்?"

"வசதியான ரூம், தம்பி. வந்து பாத்தா தெரியும்."

"பட்ஜெட் சார்?"

"பட்ஜெட் பாக்கற மூஞ்சியாடா இது?"

பையன் நம்பிவிட்டான். நம்பியவன் விலையைச் சொன்னான். அருணகிரி, உட்காரச் சொல்லாமலே, பக்கத்தில் இருந்த சோபாவில் உட்கார்ந்தார்.

மூஞ்சியின் நிறம் மாறியதைக் கண்டு பையன் குரலைத் தாழ்த்தினான். "கம்மியா முடிக்கணும்னாலும் வழி இருக்கு சார். சீலிங்ல ரெண்டே ரெண்டு போடுங்க, நல்லதா. உக்கார்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால. வசனம் வர்ற ஸ்பீக்கரை மட்டும் கீழ, டிவி பக்கத்துல வெச்சுடுங்க. எல்லாத்தையும் மேல ஏத்துனா நடிகர் வாய் அங்க அசையும், குரல் ஃபேன்ல இருந்து வரும்."

நல்ல யோசனை. காசு வாங்காமல் சொன்ன யோசனை. அதனாலேயே அருணகிரிக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஒரு ஸ்பீக்கரை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்குத் தூக்கினார்.

"இன்னாது இது, அப்பளமாட்டம் இருக்குது?"

"புது மாதிரி காந்தம் சார். கனம் இருக்காது, சத்தம்..."

"காந்தம்னா கனக்கணும் தம்பி. எத்தனை சாமானைத் தூக்கிப் பாத்த கை தெரியுமா இது?"

பையனுக்குத் தெரியாது. அருணகிரியால் அதைச் சொல்லவும் முடியாது. எழுந்து வந்துவிட்டார்.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் ஆபித் பாஷாவின் குடோன். மூடிப்போன கம்பெனிகளின் சாமான் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். தையல் மெஷின், எக்ஸாஸ்ட் ஃபேன், முதலாளி சுழன்ற நாற்காலி எல்லாம் ஒரே குவியலாக, ஒரே மரியாதையோடு கிடக்கும்.

"சீலிங் ஸ்பீக்கரா? அண்ணே, உங்களுக்குன்னே வந்து கெடக்குது" என்றார் ஆபித் பாஷா. வெள்ளை மூடி போட்ட எட்டு வட்டங்களைத் தூசி தட்டி வரிசையாக வைத்தார். "ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனி மூடினாங்கல்ல, அங்க கழட்டினது. ஆயிரம் பொம்பளைங்க தலைக்கு மேல கத்தின ஸ்பீக்கர். ஒரு நாள் பேஜார் பண்ணது கெடையாது."

அருணகிரி ஒன்றைத் தூக்கினார். கை தாழ்ந்தது. முகம் மலர்ந்தது.

"இது சாமான், பாய்!"

கனம் காந்தத்தால் வந்ததில்லை. நீளமான ஷெட்டின் கோடி வரை அறிவிப்பு போய்ச் சேருவதற்காக ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஒட்டியிருந்தது. கை பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஆம்ப்ளிஃபயரையும் சேத்துத்தான் எடுக்கணும் அண்ணே. இது ரெண்டும் புருஷன் பொண்டாட்டி."

"பிரிக்க முடியாதா?"

"பிரிக்கலாம். அப்புறம் ரெண்டும் பேசாது."

மொத்தமாக எட்டும், ஆம்ப்ளிஃபயரும், வேலூர்ப் பையன் சொன்ன ஒற்றை ஸ்பீக்கர் விலைக்குப் பாதியில் படிந்தன. பணம் கைமாறிய பிறகு ஆபித் பாஷா காதைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுண்ணே. கரண்ட் போயி வந்தா அதுவா ஒரு தரம் மணி அடிக்கும். ஷிப்ட் மணி. நிறுத்தற பட்டன் இருந்திச்சு, எலி கடிச்சிட்டுது."

"மணிதானே. மங்களமா இருக்கட்டும்" என்றார் அருணகிரி.

எலக்ட்ரீஷியன் ஜோசுவா மேல்மாடி அறையின் ஃபால்ஸ் சீலிங்கில் எட்டு ஓட்டை போட்டான். ஏணியில் நின்றபடி ஒரு ஸ்பீக்கரின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது படம் பாக்கறதுக்கு இல்ல. 'கட்டிங் சூப்பர்வைசர் உடனே ஆபீசுக்கு வரவும்', அதுக்கு" என்றான்.

"உன்னை ஓட்டைதானே போடச் சொன்னேன்?"

"போட்டுட்டேன் சார்" என்று இறங்கிவிட்டான் ஜோசுவா.

அன்று சாயந்திரம் ஒரு படம் போட்டுப் பார்த்தார்கள். வில்லன் கர்ஜித்தான்; ஸ்டோர்ஸில் ஊசி தீர்ந்துவிட்டது என்று அறிவிப்பது போல இருந்தது. காதலன் உருகினான், இன்று எல்லாருக்கும் ஓவர்டைம் என்று சொல்வது போல இருந்தது. வெடிகுண்டு வெடித்தபோது யாரோ பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்தார்கள்.

"இன்னா க்ளியரா கேக்குது பாத்தியா!" என்றார் அருணகிரி.

ஆனால் படத்துக்கு முன்னால், ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைப் போட்டதும், எட்டு வாயிலிருந்தும் அந்த மணி அடித்திருந்தது. கீழே சமையலறையில் இருந்த சுந்தரி அடுப்பை அணைத்தாள், கையைக் கழுவினாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், கதவு ஆணியில் தொங்கிய கூடைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். வாசலில் போய் நின்ற பிறகுதான் எங்கே போகிறோம் என்ற யோசனை வந்தது.

மாடிப்படியில் இறங்கிவந்த அருணகிரி அதைப் பார்த்துவிட்டார்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"மணி அடிச்சுதே..."

"இருபத்தாறு வருஷம் ஆவுது நான் உன்னை அந்த லைன்லேருந்து எழுப்பிக் கூட்டியாந்து. இன்னும் லைன் புத்தி போவல பாரு. அந்தம்மா முன்னால இப்படி எழுந்து நின்னியானா எம்மானம் இன்னாத்துக்கு ஆவும்?"

அடுத்த ஒரு வாரம் மேல்மாடி அறையில் பயிற்சி நடந்தது. சுந்தரி சோபாவில் உட்கார வேண்டும். அருணகிரி சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுவார். மணி அடிக்கும். சுந்தரியின் முழங்கால் தானாக நிமிரும். "உக்காரு" என்பார். மறுபடி மணி. "உக்காருன்றேன்ல?" மறுபடி மணி.

"நாயைப் பழக்கறவங்ககூட நடுவுல ஒரு பிஸ்கட் போடுவாங்க" என்றாள் சுந்தரி.

"வாய் மட்டும் கொறையல. அன்னிக்கு மட்டும் நான் எழுதிக் குடுத்திருந்தேன்னா நீ எங்க இருந்திருப்பேன்னு யோசிச்சுப் பாரு."

அது அந்த வீட்டில் எல்லாச் சண்டையையும் முடித்துவைக்கிற வாக்கியம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சாயந்திரம் சுந்தரியின் டிபன் பாக்ஸ் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு லைனிங் தோல் ரெண்டு துண்டு இருந்தது. தம்பியின் பிய்ந்துபோன செருப்புக்காக எடுத்தது. அருணகிரி அதைப் பார்த்தார், அவளையும் பார்த்தார், ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் பெண் கேட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுத்தால் எழுதிவிடுவார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டியிருக்கவும் இல்லை.

வார முடிவில் சுந்தரி மணி அடித்தால் அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். சோபாவின் கைப்பிடியை நகம் வெளுக்கப் பிடித்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

நிச்சயம் பேசுகிற நாள் வந்தது. நந்தினி பெங்களூரிலிருந்து முந்தின நாளே வந்திருந்தாள். மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்குதுப்பா" என்றாள். "உனக்குத்தாம்மா இவ்ளோவும்" என்றார் அப்பா.

அம்பிகா அம்மாள் அரக்குப் பட்டில், முழங்கையில் ஒரு பெரிய கைப்பையோடு வந்து இறங்கினார். கூடவே கணவர் துரைசாமி; மனைவி பேசும்போது சுவரைப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். பின்னால் புகழேந்தி, நந்தினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. காபி ஆயிற்று. கல்யாண மண்டபம் எது என்பதுவரை பேச்சு சுமுகமாகப் போயிற்று. நடுவில் ஒருமுறை அம்பிகா அம்மாள் பாத்ரூமுக்குப் போய்வந்தார். பிறகு எல்லாரும் மாடி ஏறினார்கள்.

"எட்டா வெச்சிருக்கீங்க?" அம்பிகா அம்மாளின் குரலில் லேசான வருத்தம். "எங்க வீட்ல நாலுதான்."

அருணகிரிக்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே செலவெல்லாம் கைக்கு வந்துவிட்டது. "உங்களுக்கு என்னங்க, நாலே போதும்" என்றார் பெருந்தன்மையாக.

ஏதோ ஒரு யுத்தப் படம். சக்கரவர்த்தி சிம்மாசனத்தில் எழுந்து நின்று, மதிய உணவு இடைவேளை குறைக்கப்பட்டதைத் தெரிவிக்கும் குரலில், நாட்டு மக்களிடம் வீரம் கேட்டார்.

"ரொம்பப் பழக்கமான சவுண்டா இருக்குதுங்க" என்றார் அம்பிகா அம்மாள். ஏ.சி. குளுமை, இருட்டு, வயிறு நிறைய பலகாரம், தலைக்கு மேலே அந்தக் குரல். கொஞ்ச நேரத்தில் அவர் தலை சாய்ந்தது. மெல்லிய குறட்டையும் வந்தது. துரைசாமி சுவரைப் பார்த்தார்.

சக்கரவர்த்தி பாலத்தின் மீது வரும்போது கரண்ட் போயிற்று.

"யாரும் அசையாதீங்க, படி இருக்குது, தடுக்கிடும்" என்றார் அருணகிரி. டார்ச்சை எடுத்துக்கொண்டு, விருந்தாளிகளுக்கு வழி காட்டவென்று கதவுக்குப் பக்கத்தில் போய், காலை அகட்டி நின்றார். அப்படித்தான் நிற்க வேண்டும் என்று அவர் யோசிக்கவில்லை. கையில் டார்ச்சும் பக்கத்தில் கதவும் இருந்தால் அவருக்கு வேறு மாதிரி நிற்க வராது.

கரண்ட் வந்தது. எட்டு ஸ்பீக்கரும் ஒன்றாக மணி அடித்தன.

அருணகிரி முதலில் பார்த்தது சுந்தரியைத்தான். அசையவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். 'பழக்கிட்டேன்' என்று அவர் நெஞ்சு நிறைந்தது.

எழுந்தது அம்பிகா அம்மாள்.

கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. கை மட்டும் அரக்குப் பட்டின் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகியது. பை இடது கைக்கு மாறியது. ஜிப்பை இழுத்து, வாயை அகலமாக விரித்துக்கொண்டு, தனக்கு முன்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்பது போலக் குட்டிக் குட்டி அடியாக நகர்ந்து, அருணகிரியின் முன்னால் வந்து நின்றார். பையை நீட்டினார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அப்படித் திருப்பிக்கொள்ள கேட் வரிசைப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எந்தக் கம்பெனியிலும் அவர்களாகவே திருப்பிக்கொள்வார்கள்.

"பாத்ரூம் கீழ இருக்குதுங்க" என்று ஒரு வார்த்தை அருணகிரி சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தையில் சம்பந்தம் பிழைத்திருக்கும். ஆனால் விரித்த பையைப் பார்த்ததும் டார்ச் தானாகப் பைக்குள் திரும்பியது. வலது கை மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது.

"அப்பா" என்றாள் நந்தினி. "அப்பா, கைய வெளிய எடுப்பா."

கை வெளியே வந்தது, காலியாக இல்லை. எடுத்ததை உள்ளங்கையில் ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தார். பக்கத்து டீப்பாய் மேல் வைத்தார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

"எந்த லைனு?"

"ஆறு, சார்" என்றார் அம்பிகா அம்மாள்.

தன் குரலைத் தானே கேட்டுத்தான் அவருக்கு முழுசாக விழிப்பு வந்தது. பையைப் பார்த்தார். டார்ச்சைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த ஆளை, முதல்முறையாக, சரியான இடத்தில் வைத்துப் பார்த்தார். அருணகிரியும் பார்த்தார். எச்.ஆர். ஹெட்டும் கெமிக்கல் பரம்பரையும் அந்த ஒரு நிமிஷத்தில் ஒருவரை ஒருவர் ஜாதகத்தைவிட நன்றாகத் தெரிந்துகொண்டார்கள்.

பொய் சொல்லிப் பழகியவர்கள் லேசில் தோற்கமாட்டார்கள்.

"என் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்" என்றார் அம்பிகா அம்மாள்.

"ஆமாங்க, இருட்டா இருந்துச்சே, அதான் டார்ச் அடிச்சேன்" என்றார் அருணகிரி.

"லைன்னு நீங்க கேட்டது..."

"கரண்ட் லைனுங்க. உங்க ஏரியாவுல எந்த லைன்னு."

"அதான் ஆறுன்னேன்."

துரைசாமி சுவரிடம் தலையை ஆட்டினார். புகழேந்தி மெல்ல மூச்சு விட்டான். இன்னும் ஒரு நிமிஷம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும்.

சோபாவிலிருந்து சத்தம் வந்தது. முதலில் இருமல் மாதிரி இருந்தது. சுந்தரி சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயை அடைத்தாள், அடங்கவில்லை. நந்தினி "அம்மா, வேணாம்மா" என்று கையைப் பிடித்தாள். சுந்தரி அந்தக் கையை உதறினாள். மகளின் கல்யாணப் பேச்சு என்று ஒன்று அங்கே நடந்துகொண்டிருப்பது அவளுக்கு அந்த நேரம் நினைப்பில் இல்லை. ஒரு வாரமாக உட்கார வைத்திருந்த முழங்காலை நிமிர்த்தி, ரொம்ப நிதானமாக எழுந்து நின்றாள்.

"இன்னாங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. "இவங்களை எழுதிக் குடுக்கப் போறீங்களா, கட்டிக்கப் போறீங்களா?"



அம்பிகா அம்மாள் முந்தானையை இடுப்பிலிருந்து பிடுங்கினார். "துரை, காரை எடுக்கச் சொல்லுங்க." படியில் இறங்கும் சத்தம் கேட்டது. புகழேந்தி கதவருகில் நின்று நந்தினியைத் திரும்பிப் பார்த்தான். "டேய், வர்றியா இல்லையா?" என்று கீழிருந்து குரல் வந்ததும் போய்விட்டான். நந்தினி அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள், யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல்.

மறுநாள் காலை ராணிப்பேட்டையிலிருந்து துரைசாமி போன் செய்தார். ஜாதகத்தை இன்னொரு இடத்தில் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். அருணகிரி "சரிங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனார். டீப்பாய் மேல் அவர் எடுத்து வைத்தது வைத்தபடி இருந்தது. அது அவர் வீட்டுச் சோப்புதான், விருந்தாளிகளுக்கென்று கீழே பாத்ரூமில் பிரிக்காமல் வைத்திருந்தது.